வெங்காயத்தாமரை மேல் பரீட்சைக்குப் போனவள்

கனடாவில் மகள் வீட்டுக்குப் போயிருக்கும் என் அக்கா போன வாரம் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளை. கடல் போல ஒரு ஏரி, அப்படியே உறைந்து கிடக்கிறது. அதன்மேல் அக்காவின் மருமகன் ஒரு மெஷினை வைத்துக் கடகடவென்று ஓட்டை போடுகிறார். ஓட்டைக்குள் தூண்டிலை இறக்குகிறார். பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியில், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, மூக்கு மட்டும் வெளியே தெரிய, மகாராணியாட்டம் உட்கார்ந்திருக்கிறாள் அக்கா.

உடனே போன் போட்டேன். "ஏன்டி, அறுபது தாண்டியாச்சு, ஐஸ் மேல உட்கார்ந்துக்கிட்டு என்ன கூத்து இது?" என்றேன்.

"ஒண்ணும் ஆவாது. கால வைக்கறதுக்கு முன்னாடியே மாப்பிள்ளைகிட்ட கேட்டுட்டேன், ஏணி எங்கன்னு. அதுக்கு எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்குதுங்க. ஏணி எதுக்குங்க அத்தேங்கறாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏணி எதற்கு என்று எனக்குத் தெரியும். இந்த உலகத்தில் அது தெரிந்தவர்கள் இப்போது நானும் அக்காவும் மட்டும்தான். நாங்கள் போய்விட்டால் அந்த ஏணியும் போய்விடும், அதனால் உங்களிடம் சொல்லி வைக்கிறேன். உங்களுக்கும் என் வயதுதான் இருக்கும். "ஆரம்பிச்சுட்டாய்யா பழங்கதையை" என்று எழுந்து போய்விடாதீர்கள். எழுந்தால் முட்டி வலிக்கும். உட்கார்ந்தே கேளுங்கள்.

தண்ணீர்மேல் நடந்து, ஓட்டை போட்டு, மீன் பிடிப்பதற்குக் கனடா போக வேண்டியதில்லை. நாங்கள் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே செய்திருக்கிறோம். ஐஸ் கிடையாது. வெங்காயத்தாமரை உண்டு.

தெரியாதவர்கள் இருக்க மாட்டீர்கள். பச்சை இலை, அடியில் வெங்காயம்போல உப்பிய தண்டு, ஊதாப் பூ. பார்க்க அழகு, படுத்தும் பாடு பேய். எங்கள் ஊர் பெரிய ஏரியின் தென்கரையில் இருந்தது. நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அப்படி ஒரு மழை. வானம் பொத்துக்கொண்டது என்பார்களே, அதேதான். வாய்க்கால், வடிகால் எல்லாவற்றிலும் கிடந்த வெங்காயத்தாமரையை வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து ஏரியில் தள்ளிவிட்டுப் போனது. மழை விட்டு வெயில் வந்ததும் அது பெருகியது பாருங்கள், மார்கழிக்குள் ஏரியில் தண்ணீர் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. இக்கரையிலிருந்து அக்கரை வரை ஒரே பச்சை. வெளியூர்க்காரர் ஒருவர், "என்னங்க, நடவு நல்லா வந்திருக்கே" என்று கரையில் நின்று பாராட்டிவிட்டுப் போனார்.

அக்கரையில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, உயர்நிலைப் பள்ளி. இன்னொன்று, என் பெரியப்பா.

பள்ளிக்கூடத்துக்கு அக்கா ஓடத்தில் போய் வந்துகொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு. வெங்காயத்தாமரை அடைத்துக்கொண்டதும் ஓடம் நின்றுவிட்டது. துடுப்புப் போட்டால் துடுப்புதான் மாட்டிக்கொள்ளும். கரைமேல் சுற்றிப் போகலாமென்றால், வெள்ளத்தில் கரை உடைந்து, உடைப்பில் பனைமரம் முங்குகிற பள்ளம். பஸ்ஸில் டவுனுக்குப் போய், அங்கிருந்து வேறு பஸ் பிடித்தால் மத்தியானச் சாப்பாட்டு மணிக்குத்தான் போய்ச் சேரலாம். அக்கா வீட்டோடு நின்றாள். மற்ற பெண்களும் நின்றார்கள். 'பரீட்சைக்கு வந்துவிட்டால் போதும், பேரை அடிக்கவில்லை' என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

பரீட்சை மாசிக் கடைசியில். அதற்கு அக்கரைக்குப் போய்த் தங்க வேண்டும். தங்குவதற்கு ஒரே வீடு பெரியப்பா வீடு. அங்கேதான் முடிச்சு.

அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்வதில்லை. கூடப்பிறந்த அண்ணன் தம்பி. வயலுக்கு முறைத்தண்ணீர் விடும்போது யார் மடையை யார் அடைத்தார்கள் என்பதில் ஆரம்பித்த சண்டை. யாரும் அடைக்கவில்லை, தண்ணீர் ஒரு நண்டு வளை வழியாக ஓடிப்போயிருந்தது என்று பிற்பாடு தெரிந்ததாம். ஆனால் அதற்குள் வாய்க்கு வந்ததையெல்லாம் இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டிருந்தார்கள். கல்யாணம், காதுகுத்து எங்கேயாவது பார்த்துக்கொண்டால் நடுவில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு, "அவருகிட்ட சொல்லு", "அவன்கிட்ட சொல்லு" என்று பேசிக்கொள்வார்கள். பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டபடி அப்படிப் பேசியதை நானே பார்த்திருக்கிறேன்.

"அங்க தங்க வைக்க முடியாது. மத்தவங்க வீட்டுல வயசுக்கு வந்த பொண்ணை விட முடியுமா? அடுத்த வருஷம் எழுதிக்கலாம்" என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் 'அடுத்த வருஷம்' என்றால் என்ன அர்த்தம் என்று அக்காவுக்குத் தெரியும். அம்மாவின் தம்பிக்கு அக்காவைக் கட்டி வைக்கிற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. தைக்குள் முடியாவிட்டால் வைகாசி, வைகாசி விட்டால் ஆவணி. அடுத்த வருஷம் அக்கா பரீட்சை எழுதமாட்டாள், தொட்டில்தான் ஆட்டுவாள். அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை. அழவும் இல்லை. அழாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பொங்கல் முடிந்தது. மார்கழி முழுக்கக் கவுச்சி இல்லாமல் இருந்த அப்பாவுக்கு நாக்கு ஊற ஆரம்பித்தது. "ஏரிக்கரையில குடியிருந்துக்கிட்டு ஒரு மீனுக்கு வழியில்ல பாரு" என்று கத்தரிக்காய்க் குழம்பைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். வலை வீச முடியாது. வீசினால் வலை செடிமேல் காய்கிற துணிபோலக் கிடக்கும்.

மறுநாள் காலை அக்கா என்னை எழுப்பினாள். கையில் கருக்கரிவாள், தோளில் ஒரு மூங்கில், இடுப்பில் பனையோலைக் கொட்டான். "வாடி, அப்பாவுக்கு மீன் புடிப்போம்" என்றாள். தைப் பனி தரையைத் துளைக்கும் என்பது பழமொழி. அன்றைக்குப் பனி என் பாவாடையைத் துளைத்தது.

கரையோரத்தில் வெங்காயத்தாமரை மெத்தைமாதிரி தடித்திருந்தது. வேர்கள் ஒன்றோடொன்று பின்னி, மேலே புல்லும் கோரையும் முளைத்து, நாரைகள் அதன்மேல் ஜம்மென்று நடந்துகொண்டிருந்தன. அக்கா மூங்கிலை இரண்டு கையாலும் வயிற்றுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு காலை வைத்தாள். அமுங்கியது. தண்ணீர் கணுக்கால்வரை வந்தது. அதற்குமேல் வரவில்லை.

"எதுக்குடி மூங்கிலு?"

"உள்ள போயிட்டா, இது ரெண்டு பக்கமும் செடிமேல மாட்டிக்கும். நாம தொங்கிக்கலாம்."

இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கிணற்றில் விழுந்த எங்கள் ஆட்டுக்குட்டி குறுக்குக் கட்டையில் மாட்டிக்கொண்டு உயிர்பிழைத்ததைப் பார்த்திருந்தாள், அவ்வளவுதான்.

கொஞ்ச தூரம் போய் உட்கார்ந்து, அரிவாளால் செடியை வட்டமாக அறுத்து, வேரோடு பிடுங்கி எறிந்தாள். ஒரு அண்டா வாயளவுக்கு ஓட்டை. உள்ளே கறுப்புத் தண்ணீர். சேறும் அழுகின வேரும் கலந்த ஒரு வாசனை வந்தது. இன்றைக்கும் வடிகால் பக்கம் போனால் அந்த வாசனைக்கு நான் நின்றுவிடுவேன். சின்னத் தவளையை முள்ளில் குத்தி இறக்கினாள். பிறகு சும்மா இருந்தோம். விரால் மூச்சு விட மேலே வந்தாக வேண்டிய மீன். ஏரி முழுக்க மூடிக் கிடக்கும்போது ஒரே ஒரு ஓட்டை திறந்தால் அது எங்கே வரும்? எங்களிடம்தான் வரும். 'பொளக்' என்று ஒரு சத்தம். அக்கா சுண்டினாள். என் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால், கன்னங்கரேலென்று, வாலால் என் முகத்தில் ஓங்கி ஓர் அறை விட்டது.

வீட்டில் வரவேற்பு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அம்மா முதலில் விறகுக்கட்டையைத் தூக்கினாள். "வெங்காயத்தாமரையில எறங்குனீங்களாடி? காலை முறிச்சு அடுப்புல வச்சிடுவேன்!" அப்பா விராலைப் பார்த்தார். விராலும் அப்பாவைப் பார்த்தது. "சரி சரி, ஓரத்துலதான புடிச்சிருக்குதுங்க. விடு. புளி ஊறப் போடு" என்றார். அன்றைய குழம்பில் அம்மாவின் கோபமும் சேர்ந்து கொதித்தது. ரொம்ப ருசி.

அதற்குப் பிறகு தினமும் போனோம். விடியற்காலை, பனி மூடியிருக்கும்போது. பனி விலகி வெயில் வருவதற்குள் மீனோடு கரைக்குத் திரும்பிவிடுவோம். அக்கா புத்தகத்தைப் பாவாடைக்குள் செருகிக்கொண்டு வருவாள். தூண்டிலை இறக்கிவிட்டுப் படிப்பாள். எனக்கும் கேட்கும்படி சத்தம்போட்டுப் படிப்பாள். பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்களை மூன்றாம் வகுப்பிலேயே ஒப்பித்தவள் ஏரிக்கரை ஊரில் நான் ஒருத்திதான். முதல் இரண்டு காரணங்கள் சொல்லி முடித்தால் ஒரு கெளுத்தி மாட்டும், மூன்றாவதற்கு விரால்.

அப்பா இதைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னாராம்: "பாவம், பரீட்சை இல்லன்னு தெரிஞ்சும் புத்தகத்தை விட மாட்டேங்குது. மீன் புடிக்கிறதுல மனசு மாறட்டும். நல்லதுதான்."

நல்ல மனசு அப்பாவுக்கு. ஆனால் அவர் கவனிக்காத ஒன்றை நான் கவனித்தேன். அக்கா ஒரு ஓட்டையில் இரண்டாம் நாள் உட்கார மாட்டாள். தினமும் முந்தின நாள் ஓட்டையைத் தாண்டிப் போய்ப் புதிதாக ஒன்று அறுப்பாள். நன்றாக மீன் மாட்டுகிற ஓட்டையைக்கூட விட்டுவிட்டுப் போவாள். "இங்கயே இருக்கலாமே" என்றால், "அங்க பெருசா இருக்கும்" என்பாள். ஒவ்வொரு ஓட்டையின் பக்கத்திலும் ஒரு ஆமணக்குக் குச்சியை நட்டு, அதன் தலையில் வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டிவிடுவாள். காற்றில்லாமல் தொங்கும்போது கரையிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது கொக்கு நிற்பதுபோலத்தான் இருக்கும்.

ஒருநாள் பனி சீக்கிரம் விலகிவிட்டது. திரும்பி நடக்கும்போது நின்று பார்த்தேன். வெள்ளைத் துணிகள் நேர்க்கோட்டில் நின்றன. ஒரு பக்கம் எங்கள் ஊர்ப் படித்துறை. மறுபக்கம் கோட்டை நீட்டிப் பார்த்தால், பள்ளிக்கூடத்துத் தூங்குமூஞ்சி மரம்.

"அக்கா, நீ மீன் புடிக்கல. வழி போடற."

அக்கா என் வாயைப் பொத்தினாள். பிறகு கையை எடுத்துவிட்டு, "சொல்லிடுவியா?" என்று கேட்டாள். அவள் முகம் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. எப்போதும் என் தலையில் குட்டுகிற கை அது. "சொல்ல மாட்டேன். பெரிய மீன் தலை எனக்கு" என்றேன். ஒப்பந்தம் ஆயிற்று.

அதே சமயத்தில் வீட்டில் வேறு ஒரு புயல் வீசிக்கொண்டிருந்தது. அப்பாவின் பச்சைக்கரை வேட்டியைக் காணோம். நல்ல எட்டு முழம், கோயிலுக்கு மட்டும் கட்டுவது. அம்மா புதிதாக ஒரு எவர்சில்வர் தூக்கு வாங்கி வைத்திருந்தாள். பழைய துணி வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுக்கிறவர் தெருவில் வந்து போயிருந்தார். அப்பா தூக்கைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"என் வேட்டியைப் போட்டுத்தான இதை வாங்குன?"

"என் தலையில அடிச்சு சத்தியம் பண்றேன், என் கிழிஞ்ச பொடவையைத்தான் போட்டேன்."

"ஒரு கிழிஞ்ச பொடவைக்கு இவ்வளவு பெரிய தூக்கு குடுக்க அவன் என்ன கர்ணனா?"

அந்தத் தூக்கில் யார் மோர் கொண்டுவந்தாலும் அப்பா குடிக்க மாட்டார். "என் வேட்டியில வந்த மோரு எனக்கு வேணாம்" என்பார். அம்மா மூக்கைச் சிந்துவாள். நானும் அக்காவும் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைவோம்.

ஏரியின் நடுவில் மட்டும் வழி மறித்தது. அங்கே பழைய வாய்க்கால் ஒன்று அடியில் ஓடுகிறது. ஓடக்காரர்கள் அதைப் பள்ளம் என்பார்கள். நீரோட்டம் இருப்பதால் செடி தடிக்கவில்லை, கோரை முளைக்கவில்லை. இலை மட்டும் பளபளவென்று நிற்கும். கோரை இருந்தால் கால் வைக்கலாம், பளபளத்தால் வைக்கக்கூடாது என்று அதற்குள் நாங்கள் கண்டுகொண்டிருந்தோம். அக்கா மூங்கிலால் குத்தினாள், மூங்கில் போய்க்கொண்டே இருந்தது. ஒருமுறை அவள் இடுப்புவரை உள்ளே போய், மூங்கிலில் தொங்கி, மீன்போலப் புரண்டு வெளியே வந்தாள். நான் குப்புறப் படுத்து அவள் சடையைப் பிடித்து இழுத்தேன். கரைக்கு வந்து இரண்டு பேரும் பல் கிட்டிக்கச் சிரித்தோம். எதற்குச் சிரித்தோம் என்று கேட்காதீர்கள்.

கடைசியில் மாட்டுக்கொட்டகை வேய வைத்திருந்த தென்னங்கீற்றுகளை ஒவ்வொன்றாகக் கடத்திக்கொண்டு போய்ப் பள்ளத்தின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பினோம். என்னைத்தான் முதலில் நடக்க விட்டாள். "நீதான் எலும்பும் தோலுமா இருக்க" என்றாள். மீன் தலை தின்றும் எனக்கு அந்தப் பேர் போகவில்லை. கீற்று தாங்கியது. அக்கா நடந்தாள். அப்போதும் தாங்கியது. அதற்கப்பால் கெட்டியான கோரை, பிறகு அக்கரை. அக்கரை மண்ணில் கால் வைத்ததும் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அழுதாள்.

பரீட்சை நாள் வந்தது. அம்மா மாட்டிடம் இருந்தாள். அக்கா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பேனாவையும் அளவுகோலையும் தலைமுடியில் கொண்டைக்குள் குத்திக்கொண்டாள். "கூட வா. நான் கரையேறினதும் என் மூங்கிலையும் எடுத்துக்கிட்டுத் திரும்பிடு" என்றாள். இறங்கினோம்.

என்றைக்கும் இல்லாமல் அன்றைக்குப் பார்த்துக் காற்று. பாதி தூரம் போவதற்குள் பனியைத் துடைத்து எடுத்துவிட்டது. கரையில் வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டு அப்பா வந்து நின்றார். ஏரி முழுக்க வரிசையாக வெள்ளைத் துணிகள் படபடத்துக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றிலும் பச்சைக்கரை.

"அடிப்பாவிகளா! என் வேட்டி!" என்று ஒரு சத்தம். அடுத்த நொடிதான் அந்த வேட்டிக்கு நடுவில் தன் பெண்கள் இரண்டு பேர் நடந்துகொண்டிருப்பது அவருக்குப் பட்டது. "நில்லுங்கடி! அங்கயே நில்லுங்க! நான் வர்றேன்!"

"மூங்கில் இல்லாம வராதீங்கப்பா!" என்று அக்கா கத்தினாள். "குறுக்கப் புடிங்க! துணி இருக்கற எடமா வாங்க!"

வைக்கோல் போருக்கு முட்டுக் கொடுத்திருந்த மூங்கிலை உருவிக்கொண்டு அப்பா இறங்கினார். அப்பாவின் உடம்பு நல்ல உடம்பு. அவர் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் நாங்கள் நிற்கிற இடம்வரை ஏரி ஏறி இறங்கியது. ஆனாலும் வந்தார். துணிக்குத் துணி, ஒரு அடி தப்பாமல் வந்தார். அக்கா பள்ளத்தைத் தாண்டி நின்றாள். நான் இந்தப் பக்கம் இருந்தேன். அப்பா என்னைத் தாண்டி, அக்காவைப் பிடிக்கக் கையை நீட்டியபடி, கீற்றின்மேல் கால் வைத்தார்.

கீற்று எங்கள் இரண்டு பேருக்காகப் போட்டது. அப்பாவுக்காகப் போட்டதில்லை.

சத்தமே வரவில்லை. அப்பா இருந்த இடத்தில் அப்பாவின் தலையும் தோளும் மூங்கிலும் மட்டும் இருந்தன. மூங்கில் இரண்டு பக்கமும் செடிமேல் படிந்து, அவர் அக்குளுக்கு அடியில் மாட்டிக்கொண்டு நின்றது. வாயில் வேப்பங்குச்சி அப்படியே இருந்தது.

அக்கா அலறிக்கொண்டு திரும்பினாள். இரண்டு பேருமாக இழுத்தோம். வேர் அவர் காலைப் பின்னிக்கொண்டிருந்தது. நாங்கள் இழுத்த இழுப்பில் எங்கள் பக்கத்துச் செடிதான் அமுங்கியது. அக்கரையில் பள்ளிக்கூடத்தின் முதல் மணி அடித்தது. மூன்று பேரும் கேட்டோம்.

அப்பா குச்சியைத் துப்பினார். "இதுக்காடி இத்தனை நாளா மீன் புடிச்சே?" என்றார்.

அக்கா தலையை ஆட்டினாள். கண்ணீர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது.

"உன்னால என்னைத் தூக்க முடியுமா? முடியாதுல்ல? அப்பறம் இங்க நின்னு என்ன செய்யப் போற? போ. போய் எழுது."

"உங்களை விட்டுட்டு நான் போக மாட்டேன்ப்பா."

"நான் எங்க போயிடப் போறேன்? மூங்கில் தாங்குது. சின்னவ இருக்கா. நீ கரையேறிப் போறப்ப யாரையாவது அனுப்பிட்டுப் போ."

"கரையில மொத வீடு பெரியப்பா வீடுதாம்ப்பா."

அப்பா தண்ணீரைப் பார்த்தார். "யாரையாவதுன்னுதான் சொன்னேன்" என்றார்.

அக்கா ஓடினாள். ஓடக்கூடாத இடத்தில் ஓடினாள், எல்லாச் சட்டத்தையும் மீறினாள். பெரியப்பா வீட்டு வாசலில் நின்று அவள் சொன்னதைப் பெரியம்மா பிறகு எங்களிடம் நடித்தே காட்டினாள்: "பெரியப்பா! அப்பா ஏரியில தொங்கிக்கிட்டிருக்காரு, போய்த் தூக்குங்க. எனக்குப் பரீட்சை!" சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் ஒரே ஓட்டம்.

நானும் அப்பாவும் மட்டும் இருந்தோம். நான் செடிமேல் குப்புறப் படுத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் கை அவர் உள்ளங்கையில் பாதிகூட இல்லை. பிடித்திருந்தது யார் யாரை என்று இப்போது யோசித்தால் தெரிகிறது. அவர் உதடு நீலமாகிவிட்டது. ஆனாலும் பேச்சை விடவில்லை.

"அது என் வேட்டிதான?"

"ஆமாம்ப்பா."

"உங்கம்மாவை என்ன பேச்சுப் பேசிட்டேன்" என்றார். படபடத்த துணிகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "கரையில இருந்து பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

பெரியப்பா ஏணியோடு வந்தார். மாடியில் பரண் ஏற வைத்திருந்த நீள மூங்கில் ஏணி. அதைச் செடிமேல் கிடத்தித் தள்ளிக்கொண்டே, வயிற்றால் ஊர்ந்து வந்தார். அப்பாவைவிடவும் பெருத்த உடம்பு அவருக்கு. ஏணியின் நுனி அப்பாவின் மூக்குக்கு முன்னால் வந்து நின்றதும், அதன்மேலேயே ஊர்ந்து நுனிக்கு வந்தார். இரண்டு முகமும் ஒரு முழ தூரத்தில். இரண்டும் என்னைப் பார்த்தன.

"உங்க பெரியப்பாகிட்ட சொல்லு, ஏணியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்றார் அப்பா.

"பெரியப்பா, ஏணியைத் தள்ளணுமாம்."

"உங்கப்பன்கிட்ட சொல்லு, மொதல்ல வாயை மூடிக்கிட்டுக் காலை உதறச் சொல்லு."

"அப்பா, காலை உதறணுமாம்."

"உதறிக்கிட்டுத்தான் இருக்கேன்னு சொல்லு."

"உதறுற லட்சணம் தெரியுதுன்னு சொல்லு."

சத்தியமாகச் சொல்கிறேன், அவரை ஏணிமேல் இழுத்துப் போடும்வரை இப்படித்தான் நடந்தது. நான் இரண்டு பக்கமும் திருப்பிச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோனேன்.

பெரியப்பா வீட்டில் அப்பாவை அடுப்பண்டை உட்கார வைத்தார்கள். பெரியம்மா மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். பெரியப்பாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு, அப்பா சுவரைப் பார்த்தபடி இருந்தார். பெரியப்பா எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருந்தார். "பொண்ணு அக்கரையிலேருந்து நடந்து வந்திருக்கு. இங்க ஒரு வீடு இருக்குன்னு தெரியல" என்று அவர் சுவரிடம் சொன்னார். அப்பா தன் சுவரிடம், "தெரியாமயா இருக்கும்" என்றார். ஓடக்காரரின் மகன் சைக்கிளில் டவுன் சுற்றிப் போய் அம்மாவுக்குத் தகவல் சொல்லக் கிளம்பினான்.

மத்தியானம் அக்கா வந்தாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பாவாடை முழங்கால்வரை சேறாகக் காய்ந்திருந்தது, விரல் நுனியில் மசி. கொண்டையில் இன்னும் அளவுகோல் இருந்தது. அப்பாவை மேலிருந்து கீழ்வரை பார்த்து, முழுசாக இருக்கிறார் என்று தெரிந்துகொண்டாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள். அடி விழும் என்று நானும் கண்ணை இடுக்கிக்கொண்டேன். வேட்டி, கீற்று, பொய், ஏரி. எதற்கு விழுந்தாலும் நியாயம்தான்.

"நாளைக்கு என்ன பரீட்சை?" என்று கேட்டார் அப்பா.

"தமிழ் ரெண்டாம் தாளுப்பா."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பி, "உங்க பெரியப்பாகிட்ட சொல்லு..." என்று ஆரம்பித்தார். நான் எழுந்து தயாராக நின்றேன். அவர் என்னை விட்டுவிட்டு நேராகத் தன் அண்ணனைப் பார்த்தார்.

"அண்ணே, அந்தப் பள்ளத்துல கீத்து தாங்காது. பரீட்சை முடியற வரைக்கும் உங்க ஏணி அங்கயே கெடக்கட்டுமா?"

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"கெடக்கட்டும்டா" என்றார்.